ஏசிஎல் ஆபரேஷன்: வலி போன பிறகுதான் கவனம் தேவை

கால்பந்து ஆடுபவர்:

ஓடிக்கொண்டே சட்டென்று திரும்பினேன், அவ்வளவுதான். யாரும் இடிக்கவில்லை. முழங்காலுக்குள் 'டப்' என்று கேட்டது, கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்புக்கு ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியாக இருந்தேன். ஆனால் எலும்போடு எலும்பை இணைக்கும் நாரான லிகமென்ட் எக்ஸ்ரேயில் தெரியாது. எலும்பு மருத்துவர் முட்டியை லேசாக மடக்கிப் பிடித்து, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தே ஏசிஎல், அதாவது முட்டிக்குள் குறுக்கே ஓடும் ஒரு லிகமென்ட், கிழிந்திருக்கிறது என்றார். எம்ஆர்ஐயிலும் அதுதான் வந்தது.

உடனே ஆபரேஷன் செய்யவில்லை. வீக்கம் வடிந்து, கால் முழுதாக நீட்ட வரட்டும் என்றார். விறைத்திருக்கும் முட்டியில் செய்தால் அந்த விறைப்பு நிலைத்துவிடும் அபாயம் இருக்கிறதாம்.

பலரும் கிழிந்ததைத் தைத்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. எனக்குத் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுத்து மடித்து, தொடை எலும்பிலும் கீழ்க்கால் எலும்பிலும் துளையிட்டு, அதற்குள் கோத்துப் பொருத்தினார்கள். முட்டிக்குள் செய்த வேலை முழுக்க கேமரா வைத்துச் சின்னத் துளைகள் வழியாகத்தான். வலியை மாத்திரையில் சமாளிக்க முடிந்தது. எரிச்சல் வேறொன்றில். படுத்தபடி காலை நேராகத் தூக்கச் சொன்னால் தொடை அசையவே இல்லை! முட்டியில் வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசை சரியாக வேலை செய்யாது என்று பிசியோ விளக்கிய பிறகுதான் பயம் போனது. தையலுக்குப் பக்கத்தில் ஒரு திட்டு தோல் இன்னும் மரத்தே இருக்கிறது. அங்கே ஓடும் சின்ன நரம்புக் கிளை அடிபடுவது இந்த ஆபரேஷனில் சகஜம்.

நான் அழுத்திச் சொல்ல வருவது இரண்டாவது, மூன்றாவது மாதத்தைப் பற்றி. அதற்குள் வலி போயிருக்கும், நடை சீராகியிருக்கும், ஓடினால் என்ன என்று தோன்றும். ஆனால் பொருத்திய நாண் பலவீனமாக இருப்பதே அப்போதுதான். அந்த நாணுக்குள் புது ரத்தநாளங்கள் வளர்ந்து, உடல் அதை மெல்ல லிகமென்டாக மாற்றிக்கொண்டிருக்கும். ஆபரேஷன் அன்று இருந்த உறுதிகூட அப்போது இருக்காது. முட்டி நன்றாக இருப்பதுபோல் தோன்றுவதை நம்பாதீர்கள்.

ஓட்டப் பயிற்சி செய்பவர்:

எனக்கும் முழுதாகக் கிழிந்ததுதான். ஆபரேஷன் செய்துகொள்ளவில்லை. நேராக ஓடுவது, சைக்கிள், நீச்சல், இவ்வளவுதான் என் தேவை. முட்டிக்கான பயிற்சிகளைச் செய்த பிறகு முட்டி நழுவுவதே இல்லை. ஸ்வீடனில் 121 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதில் முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன் என்று விடப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் ஐந்து ஆண்டுகள் கழித்தும் ஆபரேஷன் இல்லாமலே இருந்தார்கள். அடிக்கடி முட்டி நழுவுகிறவர்களுக்கு இது பொருந்தாது, நழுவும் ஒவ்வொரு முறையும் மெனிஸ்கஸுக்கு, அதாவது முட்டிக்குள் மெத்தைபோல் இருக்கும் குருத்தெலும்புக்கு, சேதம் வரலாம்.

கூடைப்பந்து ஆடுபவர்:

முதலில் எழுதியவர் சொன்னது சரி. எனக்கு மெனிஸ்கஸையும் சேர்த்துத் தைத்ததால் ஊன்றுகோலை விடவே வெகுநாள் ஆனது. அப்புறம், ஒன்பது மாதத்துக்கு முன்னால் ஆட்டம் என்ற பேச்சே வேண்டாம் என்றார் பிசியோ. 2016-ல் வந்த நார்வே ஆய்வு ஒன்றைக் காட்டினார். ஒன்பது மாதம் வரை, ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுபடி காயப்படும் வாய்ப்பு பாதியாகக் குறைந்ததாம். நாள் கணக்கு மட்டும் போதாது. ஒற்றைக் காலில் தாவும் தூரமும் முன்தொடைத் தசையின் பலமும் நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும். தாவல் எனக்கு வந்துவிட்டது, தசை பலம் இன்னும் வரவில்லை. ஆகவே ஆட்டம் இல்லை, ஜிம் மட்டும்தான்.

எனக்கு எடுத்தது முட்டிச் சில்லுக்குக் கீழே இருக்கும் நாண். இருபுறமும் எலும்புத் துண்டோடு வருவதால் துளைக்குள் நன்றாகப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் முட்டி போட்டால் வலிக்கிறது. தரையில் முட்டி போட்டு வேலை செய்பவர்கள், எந்த நாணை எடுக்கப்போகிறார்கள் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.