கேரட் போட்ட தொட்டியில் கிடா வாடை, கேஸ் வரவில்லை

பாலாடா விவசாயி:
கேத்தி பாலாடா பக்கம் எங்கள் தோட்டம். கேரட் கழுவும்போது உடைந்தது, வெடித்தது என்று நிறைய ஒதுங்கும். வீணாக்க மனமில்லாமல் 1000 லிட்டர் தொட்டியில் கோபர் கேஸ் போட்டேன். சாணம் மட்டும் கரைத்து ஊற்றியபோது காலைக் காபிக்கு அடுப்பு நன்றாக எரிந்தது. உறைபனி விழுந்த வாரம் தினமும் ஆறு வாளி கேரட்டை அரைத்து ஊற்றினேன். நாலே நாளில் தீ நின்றது. முதலில் புளித்த மோர் வாசம். இப்போது கிடா கட்டிய பட்டி மாதிரி வாடை. சட்டையில் பட்டால் இரண்டு முறை துவைத்தாலும் போவதில்லை. அம்மா கொட்டச் சொல்கிறார். கெட்டுப்போய்விட்டதா?

கோத்தகிரிப் பெண்:
கொட்டாதீர்கள் தம்பி! நொதித்தல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த வாடை வராதா என்றுதான் நாங்கள் காத்துக் கிடப்போம்.

தொட்டிக்குள் நுண்ணுயிர்களின் ஒரு ஊரே குடியிருக்கிறது. ஒரு கூட்டம் கேரட் சர்க்கரையை லாக்டிக் அமிலமாக்கும். அதுதான் அந்த மோர் வாசம். இன்னொரு கூட்டம் அதைத் தின்று, இரண்டிரண்டு கார்பனாகக் கோத்து நான்கு கார்பன் பியூட்டிரிக், ஆறு கார்பன் கேப்ராயிக் அமிலம் வரை நீட்டும். லத்தீனில் கேப்ரா என்றால் ஆடு. பெயரே வாடையை வைத்து வந்ததுதான். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரக் கால்வாய்ச் சேற்றிலிருந்து 1930களில் பார்க்கர் என்ற ஆய்வாளர் கண்டெடுத்த ஒரு கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா, எத்தனாலையும் அசிட்டிக் அமிலத்தையும் வைத்து இதே வேலையைச் செய்யும்.

கடைசி வரிசையில் நிற்பவை மீத்தேன் உயிரிகள், அடுப்பில் எரியும் வாயுவைத் தருபவை. குளிரில் சுணங்கும், பிஎச் (குறைந்தால் புளிப்பு கூடும் அளவு) 6க்குக் கீழே போனால் படுத்துவிடும். சர்க்கரை தின்பவை அப்படி இல்லை. அதனால் அமிலம் தேங்கிவிட்டது. வாசனைப் பொருளுக்கும் கால்நடைத் தீவனத்துக்கும் கேப்ராயிக் வேண்டும். தண்ணீரில் லிட்டருக்குப் பத்து கிராம்போலத்தான் கரையும், மீதி எண்ணெயாய் மேலே பிரியும். அசிட்டிக் அமிலம் தண்ணீரோடு முழுக்கக் கலந்துவிடும், அப்படிப் பிரியாது. தண்ணீரைக் காய்ச்சியே விறகு தீர்ந்துவிடும். ஆனால் வீட்டில் பிரித்தெடுக்க இறங்காதீர்கள்.

கேஸ்தான் வேண்டுமென்றால் கேரட்டை நிறுத்துங்கள். பாதியை இறைத்துவிட்டு வெதுவெதுப்பான சாணக் கரைசலை நிரப்புங்கள். பிஎச் 7 வரும்வரை சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். தொட்டியைச் சுற்றி வைக்கோல் கட்டுங்கள்.

கூடலூர்க்காரர்:
அக்கா, இங்கே காடு முழுக்க உண்ணிச்செடி. அதை வெட்டிப் போடலாமா?

கோத்தகிரிப் பெண்:
அப்படியே போட்டால் பலனில்லை. தண்டில் லிக்னின், அதாவது மரத்துக்கு உறுதி தரும் பொருள், அதிகம். காற்றில்லாத இடத்தில் அது அசையாது. மாட்டு வயிற்றிலும் இதே கதைதான், வைக்கோலின் லிக்னின் சாணத்தோடு வெளியே வந்துவிடும். உளுத்த சீகை மரத்தில் வெள்ளையாய்ப் படரும் காளான் உண்டே, லிக்னினை உடைப்பது அந்த மாதிரிப் பூஞ்சைகள்தான். முதலில் அவற்றுக்குத் தின்னக் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் தொட்டி.

பாலாடா விவசாயி:
பிஎச் தாள் 5 காட்டியது. நீங்கள் சொன்னபடியே செய்தேன். மூன்று வாரம் கழித்து இன்று காலை நீலத் தீ வந்தது, அம்மாவே காபி போட்டார். இறைத்ததில் ஒரு கேன் மட்டும் இறுக மூடி வைத்திருக்கிறேன் அக்கா. ஆய்வகத்துக்கு வேண்டுமென்றால் கோத்தகிரிக்கே கொண்டுவந்து தருகிறேன்.