முதன்மைச் சாவியா, முதன்மைத் திறப்பா?

கொக்குவிலில் இருந்து:
வணக்கம். உயர்தர வகுப்புக்கான தரவுத்தளக் குறிப்பு திங்கட்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். 'பிரைமரி கீ', 'பொரின் கீ' இரண்டையும் முதன்மைச் சாவி, அந்நியச் சாவி என்று எழுதிவிட்டேன். பின்வாங்கில் இருந்த பெடியன் ஒருவன், "சேர், திறப்பைத்தானே சொல்லுறியள்?" என்றான். முதல்நாள்தான் விசைப்பலகையில் இருப்பது விசை என்று படிப்பித்திருந்தேன். ஒரே 'கீ'க்கு மூன்று சொல். ஒன்றைச் சொல்லுங்கள்.

திருநெல்வேலியில் இருந்து:
ஒன்று ஏன்? ஸ்பானியக்காரரைப் பாருங்கள். கதவுக்கு யாவே, விசைப்பலகைக்குத் தெக்லா, தரவுத்தளத்துக்குக் கிளாவே. லத்தீன் அமெரிக்காவில் தரவுத்தளத்துக்கும் யாவே என்போர் உண்டு. யாவே, கிளாவே இரண்டும் லத்தீன் கிளாவிஸின் பிள்ளைகள்தான். ஒன்று வாய்ப்பேச்சில் தேய்ந்து வந்தது, மற்றது பிற்பாடு ஏட்டிலிருந்து எடுத்தது. நம்முடைய தற்பவம், தற்சமம் மாதிரி. கிளாவேக்குக் குறியீடு, துப்பு என்ற பொருளும் இருப்பதால் அவர்கள் தப்பிவிட்டார்கள். தரவுத்தளத்தில் 'கீ' எதையும் திறப்பதில்லையே. ஒரு பதிவை மற்றப் பதிவிலிருந்து பிரித்துக் காட்டுகிறது, அடையாள அட்டை இலக்கம் போல.

நல்லூரில் இருந்து:
அந்தக் கிளாவிஸின் இன்னொரு பிள்ளை போர்த்துக்கேயச் 'சாவே'. அதுதான் உங்கள் சாவி. தமிழிலே சாவி என்றால் மணி பிடிக்காமல் வாடிப்போன பயிர். பறங்கி 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்து 1658இல் ஒல்லாந்தரிடம் இழந்தான். கதிரை, அலுமாரி, சப்பாத்து, அலவாங்கு எல்லாம் தந்துவிட்டுப் போனான். வீட்டுத் திறப்பை மட்டும் நாங்கள் கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கச் சொல்கிறீர்களா?

திருநெல்வேலியில் இருந்து:
ஐயா, 'முதன்மைத் திறப்பு' என்றால் அமைச்சர் நாடா வெட்ட வருகிறார் என்று நினைப்பார்கள். திறப்பு தொழிற்பெயர்.

நல்லூரில் இருந்து:
தொழிலாகுபெயர்! பொங்கல் உண்டோம் என்றால் பொங்குவதையா உண்டோம்?

திருநெல்வேலியில் இருந்து:
பொங்கல் செயலின் விளைவு. திறப்பு கருவி. இரண்டும் ஒன்றல்ல. கருவிதான் வேண்டுமென்றால் திறவுகோல் இருக்கிறது.

ஊர்காவற்றுறையில் இருந்து:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். புளோரிடாவின் 'கீ வெஸ்ட்' ஸ்பானியத்தில் காயோ உவேசோ, எலும்புத் தீவு. உவேசோ ஆங்கிலேயன் காதில் வெஸ்ட் ஆயிற்று. அந்தக் 'கீ'யைத் திறப்பென்று மொழிபெயர்த்தால் தீவு கடலில் போய்விடும். எங்கள் ஊரைக் கயிற்ஸ் என்பதும் போர்த்துக்கேயக் 'கைஸ்', அதாவது இறங்குதுறை, என்பதிலிருந்து வந்ததென்பார்கள்.

கொக்குவிலில் இருந்து:
ஐயாமாரே, ஞாயிறு இரவு பத்தரை. தீவுக்கெல்லாம் பக்கம் இல்லை. தனிமடல்களையும் சேர்த்து எண்ணினால் நாலு பேர் சாவி, இரண்டு பேர் திறப்பு, ஒருவர் 'தனிச்சுட்டு'. விசைப்பலகையில் விசை விசையாகவே இருக்கட்டும். தரவுத்தளத்தில் சாவி, முதல் தடவை வரும் இடத்தில் அடைப்புக்குள் திறப்பு. தனிச்சுட்டு பொருளுக்குத்தான் நல்லாகப் பொருந்துகிறது, ஆனால் பெடியளுக்கு அதை விளக்கவே ஒரு பாடவேளை போய்விடும்.

நல்லூரில் இருந்து:
அடைப்புக்குள் போட்டது காணாது. என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். 'அந்நியச் சாவி'க்கு மட்டும் எதிர்ப்பில்லை. அது உண்மையில் அந்நியன்தான்.