கென்யாவில் பறப்பதும் நம்மூர் எருக்கில் உட்காருவதும் ஒரே வண்ணத்துப்பூச்சியா?

கானாடுகாத்தான் பையன்:
எங்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வெளியே எருக்கு மண்டிக் கிடக்கிறது. பிள்ளையார் மாலைக்கு அப்பத்தா அங்கேதான் பூப் பறிப்பார். நேற்று யூடியூபில் ஆப்பிரிக்க வண்ணத்துப்பூச்சி ஒன்றைக் காட்டினார்கள், அச்சு அசலாக இங்கே பறப்பதுதான்! எருக்கிலையில் வரிவரியாகப் புழு வேறு. அப்பா புதரையே வெட்டச் சொல்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்.

கண்மாய்க்கரை:
ஒரே இனம்தான் தம்பி. வெந்தய வரியன், அறிவியல் பெயர் டானவுஸ் கிரிசிப்பஸ். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன ஐயாக்களின் பெட்டியில் ஒளிந்து வந்ததெல்லாம் இல்லை, ஆப்பிரிக்கா, ஆசியா இரண்டிலுமே உண்டு. எகிப்தில் லக்சர் பக்கம் சுமார் 3500 வருடத்துக்கு முந்தைய சுவரோவியத்திலேயே இருக்கிறது. புழுவின் முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு தெரிந்தால் அதன் பிள்ளைதான். எருக்கம்பாலில் உள்ள நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்ளும், தின்ற பறவை வாந்தி எடுத்துவிட்டு அடுத்த முறை கிட்டே வராது. புதரை வெட்ட வேண்டாம், அந்தப் புழு வாழைக்கும் கத்தரிக்கும் வராது என்று அப்பாவிடம் சொல்.

நைரோபியில் தேவகோட்டைக்காரன்:
இங்கே நடக்கும் கூத்தையும் கேளுங்கள். நைரோபி சுற்று வட்டாரத்தில் இந்தப் பூச்சியின் பெண்களில் நிறைய பேருக்கு ஸ்பைரோபிளாஸ்மா என்ற பாக்டீரியா தொற்று உண்டு. தாயிடமிருந்து முட்டைக்குப் போகும், ஆண் வாரிசு மட்டும் செத்துவிடும், பெண் பிழைத்துக்கொள்ளும். அதனால் சில சமயம் வலை வீசினால் பெண்ணாகவே விழும்! இன்னொன்று, சிறகு நுனியில் கறுப்பு வெள்ளை இல்லாமல் முழுக்க வெந்தய நிறத்தில் ஒரு வகையும் இங்கே சர்வ சாதாரணம்.

கண்மாய்க்கரை:
அட, இது நல்ல சேதி. ஆண் எது என்று பார்க்க பின்சிறகைக் கவனியுங்கள், நடுவில் மூன்று கறுப்புப் புள்ளியோடு கூடுதலாக ஒன்று இருக்கும், அது மணம் சுரக்கும் பை. அந்த மணத்துக்கான சரக்கைத் தேடித்தான் ஆண்கள் காய்ந்த தேள்கொடுக்கு, கிலுகிலுப்பைச் செடிகளில் மொய்க்கும். பின்சிறகின் மேல் ஓரத்தில் ஒரே ஒரு புள்ளிதான் என்றால் ஏமாறாதீர்கள், அது வேறு இனத்துப் பெண், நஞ்சே இல்லாமல் வேஷம் போடுகிறது.

கானாடுகாத்தான் பையன்:
அண்ணே, ரொம்ப நன்றி. ஒரு புழுவைப் பாட்டிலில் வளர்க்கலாமா?

கண்மாய்க்கரை:
வளர்க்கலாம். வாயில் வலைத்துணி கட்டு, தினமும் புது இலை போடு. பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ பொன்புள்ளி வைத்த கூட்டுப்புழு தொங்கும், தொடாமல் விடு. இலை பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடு, எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு.