ஐ.என்.ஆர். – ‘உறைநேர ஒப்பெண்’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தை இயல்பான நேரத்தோடு ஒப்பிட்டுக் காட்டும் இரத்தப் பரிசோதனை எண்ணே ஐ.என்.ஆர். (International Normalized Ratio). அதற்குத் தமிழ்ச் சொல்லாக நண்பர் முன்வைத்த ‘உறைவு விகிதம்’ எளிய சொல்தான். ஆனால் தருமபுரியில் இயன்முறை மருத்துவம் பார்த்துவரும் என்னால் அதை ஏற்க இயலவில்லை. ஏனெனில் எண்ணின் போக்கை அது தலைகீழாகக் காட்டுகிறது. உறைவு விகிதம் 4.8 என்று படிப்பவர், இரத்தம் விரைந்து உறைகிறது என்றே கொள்வார். உண்மையில் எண் ஏற ஏற, இரத்தம் உறையக் கூடுதல் நேரம் ஆகிறது.

நானும் இச்சொல்லையே சிகிச்சைக் குறிப்பேட்டில் எழுதிவந்தேன். செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்ட பென்னாகரம் விவசாயி ஒருவர் முழங்கால் வலியோடு வந்தபோது, பயிற்சி மாணவர் அவருடைய குறிப்பில் ‘உறைவு விகிதம் 4.8’ என்றிருந்ததைப் பார்த்து, உறைவு நன்றாக இருக்கிறது என்று எண்ணி, அழுத்தமாக நீவிவிட ஆயத்தமானார். தடுத்துவிட்டு, அவருடைய இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தேன். வார்ஃபரின் போன்ற உறைவு எதிர்ப்பு மருந்து உண்போருக்கு இந்த எண் பொதுவாக 2 முதல் 3 வரையும், சில வால்வுகளுக்கு 2.5 முதல் 3.5 வரையும் இருக்க வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள். அந்த வரம்புக்குள் நடையையும் பயிற்சியையும் நிறுத்தத் தேவையில்லை. அதைத் தாண்டி ஏறும்போது ஆழ்ந்த நீவலும் மூட்டைத் திருப்பும் முறைகளும் எடை தூக்கும் பயிற்சியும் மூட்டுக்குள்ளோ தசைக்குள்ளோ இரத்தம் கசிய இடம் கொடுத்துவிடும்.

‘இரத்த நீர்மை எண்’ என்பதும் பொருந்தாது. ‘ரத்தம் தண்ணியா இருக்கு’ என்று நோயாளிகள் சொன்னாலும், மாறுவது நீர்மையன்று, உறையும் திறனே.

ஆகவே ‘உறைநேர ஒப்பெண்’ என்பதை முன்மொழிகிறேன். பாலக்கோட்டு அம்மா ஒருவரிடம், பால் தயிராக உறைவதை வைத்து இதை விளக்கியபோது, “அப்போ நம்பர் கூடுனா லேட்டா உறையுதுங்களா?” என்று உடனே கேட்டார். ‘விகிதம்’ என்பதை விட்டதற்கும் காரணம் உண்டு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் வினைபொருள் (இரத்தத்தை உறையவைத்து நேரத்தை அளக்கச் சேர்க்கும் பொருள்) மாறுவதால் நொடிக்கணக்கை அப்படியே ஒப்பிட முடியாது. நோயாளியின் உறைநேரத்தை இயல்பான உறைநேரத்தால் வகுத்து, வந்ததை அவ்வினைபொருளின் உணர்திறனைக் குறிக்கும் எண்ணால் அடுக்கேற்றியே இந்த மதிப்பைப் பெறுகிறார்கள். எனவே இது வெறும் விகிதமன்று. ஒப்பிடுவதற்கென்றே சீராக்கிய எண். ‘மதிப்பெண்’ பழகிய நாவுக்கு ‘ஒப்பெண்’ கடினமாகாது.

முழுவடிவம் ‘பன்னாட்டு உறைநேர ஒப்பெண்’ என்றிருக்கலாம். அடுக்காக வரும் அந்த எண்ணுக்கு ‘உணர்திறன் சுட்டெண்’ என்று வைத்திருக்கிறேன்; இதைவிடச் சுருக்கமான சொல் இருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.