பொலிரோ பிக்கப்புக்குப் பின் டயர்: ரிப்பா, பட்டனா?

வணக்கம் நண்பர்களே. கடலூர் முதுநகரில் பொலிரோ பிக்கப் ஓட்டுகிறேன். துறைமுகத்திலிருந்து மீன் லோடு, பலா சீசன் வந்தால் பண்ருட்டியிலிருந்து கோயம்பேடு. நாலு டயரும் மாற்ற வேண்டும், அளவு 7.00 ஆர்15. பின் டயர்களில் காடிக்குள் 1.6 மி.மீ. உயரத்தில் இருக்கும் தேய்மான மேடு, டயரின் மேல்பரப்போடு சமமாகிவிட்டது. இனி மழையில் ஓட்டுவது ஆபத்து.

முன்னால் ரிப் டயர்தான் (நீளவாக்கில் நேராகக் காடி ஓடுவது), அதில் சந்தேகமில்லை. குழப்பமெல்லாம் பின்னால்தான். பலாத் தோப்புக்குள் செம்மண் தடம். கோடை மழை ஒன்று பெய்தால் போதும், ரிப் டயர் நின்ற இடத்திலேயே சுற்றும். பட்டன் டயர் (கட்டை கட்டையாக மேடு உள்ளது) பிடித்து ஏறிவிடும். ஆனால் ஓட்டத்தில் பெரும்பகுதி தார் ரோடு. அதில் பட்டன் இரையும், டீசலும் கூடக் குடிக்கும்.

இதே மாதிரி லோடு அடிக்கிற அண்ணன்மார் பின்னால் என்ன போட்டிருக்கிறீர்கள்? எத்தனை கிலோமீட்டர் வந்தது? முழு லோடுக்குக் காற்று எவ்வளவு?

அப்புறம், ஒரு கடையில் விலை குறைத்துத் தருகிறேன் என்று காட்டிய டயரில் தேதி எண் 1023, அதாவது 2023-இன் 10-ஆவது வாரத் தயாரிப்பு. இருப்பில் கிடந்ததை லோடு வண்டிக்கு நம்பிப் போடலாமா? மீன் ஐஸ் உப்புத் தண்ணீர் வடிந்து ரிம் ஓரம் துருப்பிடிக்கிறது. டியூப்லெஸ் சரிவருமா, டியூபே போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.