கமாண்டோ படம் எடுக்குற தம்பிகளுக்கு: எங்கே பிசகுது?

செல்லூர்:
பாகிஸ்தான் அபோட்டாபாத்துல பின்லேடன் ஒளிஞ்சிருந்த வீட்டை அமெரிக்கக் கமாண்டோக்கள் ஹெலிகாப்டர்ல போய்த் தாக்கினதை நாகமலை அடிவாரத்துல குறும்படமா எடுக்கப் போற தம்பிகளா, ஹெலிகாப்டர் விழுந்ததுக்கு எஞ்சின் கோளாறுன்னு மட்டும் காட்டிடாதீங்க. பயிற்சிக்கு அதே வீட்டை அமெரிக்காவுல மாதிரியாக் கட்டினப்போ சுத்துச்சுவருக்குப் பதிலாக் கம்பிவலை வேலி போட்டுட்டாய்ங்க. இறக்கை கீழ தள்ளுற காத்து வலை வழியா வெளிய போயிருச்சு, சிக்கல் தெரியல. 2011 மே 2 ராத்திரி நிஜ வீட்டுல ரெண்டாள் உயரச் சுவர். காத்தோட சூடும் நினைச்சதை விட அதிகம். காத்து சுவர்ல மோதி மேல ஏறி இறக்கைக்குள்ளயே திரும்பி வந்துச்சு. கலங்கின காத்துல இறக்கைக்குத் தூக்குற பலம் குறைஞ்சுரும். பைலட் மூக்கை மண்ணுல குத்தி இறக்கினார், வால் சுவர்ல சாஞ்சு நின்னுச்சு. யாருக்கும் பெரிய காயமில்ல. முழு ஹெலிகாப்டருக்குச் செலவு பண்ண வேணாம். முதல்ல வேலி வழியா வெளியேறுற புழுதி, அப்புறம் சுவருக்குள்ள சுழண்டு மேல கிளம்புற புழுதி, இந்த ரெண்டு ஷாட் போதும்.

மேலூர்:
செல்லூர் அண்ணே சொன்னதோட சத்தத்தையும் கவனிங்க. சைலன்சர் வெடிச்சத்தத்தைத்தான் குறைக்கும். ரைஃபிள் குண்டு ஒலியை விட வேகமாப் போறதால வர்ற 'டப்'புங்கிற சத்தம் அப்படியே இருக்கும். 1976-ல விமானக் கடத்தல் பணயக்கைதிகளை மீட்க இஸ்ரேல் கமாண்டோக்கள் உகாண்டாவோட என்டபே விமான நிலையத்துக்குப் போனாங்க. அவங்க வந்த கறுப்பு பென்ஸ் காரை மறிச்ச உகாண்டா காவலர்களைச் சைலன்சர் துப்பாக்கியால சுட்டாங்க, ஒருத்தன் சாகல. அடுத்து சாதாரணத் துப்பாக்கி வெடிக்க, ரகசியம் அங்கேயே உடைஞ்சுபோச்சு. 4,000 கிலோமீட்டர் பறந்து வந்து வாசல்ல நடந்த இந்தத் தடுமாற்றந்தான் சம்பவத்தோட உயிர். ஹீரோ ஒரே குண்டுல ஆளைச் சாய்க்கிற மாதிரி எடுத்தா எல்லாம் போச்சு.

திருமங்கலம்:
நைட் விஷன், அதாவது இருட்டுல பாக்குற கருவி மாட்டினவர் ஓரக்கண்ணால பாக்க முடியாது. சாதாரணக் கருவியில 40 டிகிரிதான் தெரியும், கழுத்தையே திருப்பணும். தூரக் கணக்கும் சரியா வராது. படியில காலை வச்சுத் தடவித்தான் இறங்குவாங்க. நடிகருக்கு இதை ஒரு மணி நேரம் பழக்கினாலே போதும்.

உசிலம்பட்டி:
மும்பை தாஜ் ஹோட்டல்ல தீவிரவாதிகளோட நடந்த சண்டையை எடுக்கிறவங்க நேரத்தைச் சுருக்காதீங்கய்யா. 2008 நவம்பர் 29 காலை வரைக்கும் அறை அறையாத் தேடினாங்க. என்.எஸ்.ஜி. கமாண்டோ மேஜர் சந்தீப் உன்னிகிருஷ்ணன் உயிர்விட்ட இடம் அது. 'டமார் டமார்'னு அஞ்சு நிமிஷத்துல முடிச்சா மனசு ஆறமாட்டேங்குது. கிரனேடு வெடிச்சா தீப்பந்து வராது, புகையும் புழுதியுந்தான். 30 குண்டு மேகசின் விடாமச் சுட்டா ரெண்டு மூணு செகண்டுல தீந்துரும். மேகசின் மாத்துறதை எடிட்டிங்ல வெட்டாதீங்க. டம்மி துப்பாக்கியோட மலையடிவாரத்துக்குப் போறதுக்கு முன்னாடி, தேதி, இடம், எத்தனை துப்பாக்கின்னு போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிருங்க தம்பிகளா.