சீஸ் உருளைக்கிழங்கு ட்ரே: விசேஷ வீட்டில் செய்தவர்கள் சொல்வது

எல்லீஸ் நகரிலிருந்து:

எங்கள் வீட்டு விசேஷங்களில் இலைச் சாப்பாடு மதியத்தோடு முடிந்துவிடும். சாயங்காலம் தங்கிவிடுகிற சொந்தக்காரர்களுக்கு என்ன கொடுப்பது என்பதுதான் எப்போதும் யோசனை. மதியம் மிஞ்சிய சாம்பாரைச் சுடவைத்துக் கொடுக்க மனசு வராது. இட்லி, சட்னி என்று புதிதாக இறங்கினால், காலையிலிருந்து நின்ற பெண்களே மறுபடி அடுப்படியில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்குப் பொருத்தமாக அமைந்தது இந்தச் சீஸ் உருளைக்கிழங்கு. முந்தின நாள் ராத்திரியே கலந்து ட்ரேயில் நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம். மறுநாள் ஓவனில் வைத்துவிட்டு நாமும் கூடத்தில் போய் உட்கார்ந்து பேசலாம். அக்கா, மதினி, சித்தி எல்லோரும் ஒன்றாக உட்காருவது வருஷத்தில் சில நாள்தான், அன்றைக்கும் ஒருத்தி மட்டும் அடுப்படியில் நிற்பது எனக்குப் பொறுக்காது. நான் இதை விடாமல் செய்வதற்கு முதல் காரணம் அதுதான். செய்து பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

அடிப்படையில் இது அமெரிக்கச் சமையல், பொட்டேட்டோ கேசரோல் என்பார்கள். அங்கே துருவி உறையவைத்த கிழங்கு பாக்கெட், டின்னில் வரும் கெட்டியான சூப், சவர் கிரீம், செடார் சீஸ் எல்லாம் கலந்து, மேலே வெண்ணெயில் புரட்டிய கார்ன்ஃபிளேக்ஸ் தூவிச் சுடுகிறார்கள். நாம் டின் சூப்பைத் தேடி அலைய வேண்டாம். வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றிக் காய்ச்சினால் அதே வேலை நடக்கும், ருசியும் கூடுதல். சவர் கிரீமுக்குப் பதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிர்.

முக்கால்வாசி விஷயம் கிழங்கில் இருக்கிறது. இங்கே மதுரையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் ஊட்டிக் கிழங்கைத் தனியாகக் குவித்து வைத்திருப்பார்கள், மண் ஒட்டியிருக்கும், விலையும் கூடுதல். பொரியலுக்கு எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், இதற்கு அதையே வாங்குங்கள். வடக்கேயிருந்து வரும் கிழங்கு குளிர்கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்திருந்தால், அந்தக் குளிரில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறியிருக்கும். வாயில் வைத்தால் லேசாக இனிக்கும். சாம்பாரில் புளியும் காரமும் அதை மறைத்துவிடும். பாலும் சீஸும் மட்டுமே உள்ள இதில் இனிப்பு அப்படியே தெரியும். அதனால் பச்சைக் கிழங்கை வீட்டு ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், வெளிச்சம் படாத மூலையில் கூடையில் கிடக்கட்டும்.

தோலோடு முழுசாகக் குக்கரில் வையுங்கள், நடுத்தரக் கிழங்குக்கு மூன்று விசில். நறுக்கி வேகவைத்தால் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு, அதையெல்லாம் ட்ரேயில் விட்டுவிடும். வெந்ததைத் தட்டில் பரப்பி, ஆவி போய் நன்றாக ஆறிய பிறகுதான் துருவ வேண்டும். ஆறினால் மாவுச்சத்து இறுகி, துருவல் உதிரியாக விழும். சூட்டோடு துருவிக் கிளறினால் கொழகொழவென்று ஆகிவிடும், அதற்கப்புறம் சரிசெய்ய வழியே இல்லை.

எங்கள் சின்ன அத்தை வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். வேகவைக்கும் வேலை மிச்சம் என்று பச்சைக் கிழங்கை மெல்லிசாகச் சீவித் தயிரில் கலந்து ஓவனில் வைத்திருந்தார்கள். ஒரு மணி நேரம் தாண்டியும் கிழங்கு நறுக்கென்றே இருந்தது, மேலே சீஸ் கருக ஆரம்பித்துவிட்டது. அத்தை கிழங்கைக் குறை சொன்னார், மாமா ஓவனைக் குறை சொன்னார். காரணம் புளிப்பு. காயின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின், புளிப்பு சேர்ந்தால் சீக்கிரம் கரைவதில்லை. புளிக்குழம்புக்குக் காயை வேகவிட்டுவிட்டுத்தானே புளியைக் கரைத்து ஊற்றுகிறோம், இதுவும் அதே கணக்குதான். கிழங்கு முழுசாக வெந்த பிறகே தயிர் சேர வேண்டும்.

சீஸ் இரண்டு வகை சேர்ப்பேன். அமுல் ப்ராசஸ்டு சீஸ் பிளாக்கில் சோடியம் சிட்ரேட் இருப்பதால் சூட்டில் எண்ணெய் பிரியாமல் சாஸோடு கலந்துவிடும், ஆனால் இழுபடாது. மொசரெல்லா நன்றாக இழுபடும், மேலே செம்புள்ளி விழும், தனியாகப் போட்டால் சப்பென்று இருக்கும். துருவியே விற்கும் சீஸில் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவு மாதிரி ஏதாவது தூவியிருப்பார்கள், அது வழவழப்பாக உருகாது. பிளாக்காக வாங்கி நீங்களே துருவிக்கொள்ளுங்கள்.

சைவ வீடுகளில் பெரியவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பாலைத் திரிக்கும் ரென்னெட் என்ற நொதியைக் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது பழைய முறை, வெளிநாட்டுச் சீஸ்கள் சிலவற்றில் இப்போதும் அதுதான். அமுல் சீஸில் நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதியைச் சேர்க்கிறார்கள். அட்டையைத் திருப்பிப் பச்சைப் புள்ளியைக் காட்டினேன், எங்கள் அப்பத்தா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். பல் இல்லாதவர்களுக்கு இது ரொம்ப வசதி.

அளவு: 1 கிலோ கிழங்குக்கு 40 கிராம் வெண்ணெய், 40 கிராம் மைதா, அரை லிட்டர் பால் சேர்த்து சாஸ். நீர் வடிந்த தயிர் 250 கிராம். இரண்டு சீஸும் சேர்ந்து 250 கிராம். பொடியாக நறுக்கி வதக்கிய பெரிய வெங்காயம் இரண்டு, நாலு பச்சை மிளகாய், தட்டிய மிளகு. காளான் வேண்டுமென்றால் 200 கிராம், தண்ணீர் சுண்ட வதக்கிப் போடுங்கள். தயிரைச் சாஸின் சூடு தணிந்த பிறகு சேர்த்தால் திரியாது. சீஸிலேயே உப்பு இருக்கிறது, எல்லாம் கலந்து ருசி பார்த்த பிறகுதான் உப்பு. 9க்கு 13 அங்குல ட்ரே ஒன்று நிறையும், மற்றப் பலகாரங்களோடு 10, 12 பேருக்கு வரும். 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தது என்றால் கூடக் கால் மணி நேரம். கண்ணாடி ட்ரேயை மட்டும் குளிரோடு சூடான ஓவனில் வைக்கக் கூடாது, விரிசல் விட்டுவிடும்.

கரம் மசாலா, சாட் மசாலா போட்டுச் செய்தவர்கள் வீட்டிலும் சாப்பிட்டிருக்கிறேன். பால் வாசனையும் சீஸ் வாசனையும் அமுங்கிப் போய், மசால்தோசைக்குள் வைக்கும் கிழங்கு மாதிரி ஆகிவிடுகிறது. காரம் வேண்டியவர்களுக்குப் பக்கத்தில் தக்காளித் தொக்கோ பூண்டு ஊறுகாயோ வையுங்கள், போதும்.

திருநகரிலிருந்து:

அக்கா எழுதியதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என் கணவர் வேலைக்காக நாங்கள் சில வருஷம் யூட்டா மாநிலத்தில் சால்ட் லேக் சிட்டியில் இருந்தோம். அங்கே இருந்தபோதுதான் மதுரையில் என் மாமியார் காலமானார். கிளம்பி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்ற நிலைமை. அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா ஒரு அலுமினிய ட்ரேயை மூடி எடுத்துக்கொண்டு வந்தார். வழக்கமாக இதில் கோழி சூப்தான் ஊற்றுவார்களாம். நாங்கள் அந்த நாட்களில் கறி சாப்பிட மாட்டோம் என்று முன்பே கணவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, காளான் சூப்பில் செய்திருந்தார். ‘ட்ரேயைத் திருப்பித் தர வேண்டாம்மா, கழுவவும் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர். அந்தச் சபையில் பெண்களுக்கென்று ரிலீஃப் சொசைட்டி என்ற அமைப்பு 1842இலிருந்து இருக்கிறது. அடக்கம் முடிந்து வரும் குடும்பத்துக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்வது அந்தப் பெண்கள் எடுத்துக்கொள்ளும் பொறுப்பு. பெரிய கூட்டத்துக்கு முன்கூட்டியே செய்து வைக்கலாம், தூக்கிக்கொண்டு போகலாம், சின்னப் பிள்ளையிலிருந்து கிழவர் வரை சாப்பிடுவார்கள். அதனால் துக்க வீட்டில் இந்தக் கிழங்கு தவறாமல் இருக்கும், அந்தப் பக்கத்தில் இதற்கு ஃப்யூனரல் பொட்டேட்டோஸ், அதாவது துக்க வீட்டுக் கிழங்கு என்றே பெயர். 2002இல் அங்கே குளிர்கால ஒலிம்பிக் நடந்தபோது இதன் உருவம் போட்ட சட்டைப் பின் கூட வந்தது.

நம்மிடமும் துக்க வீட்டில் அடுப்பு எரியாது, சம்பந்தி வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும்தானே சோறு வரும். அவ்வளவு தூரத்தில், எங்கள் சாதிசனம் யாரும் இல்லாத ஊரில், அந்த முறை தெரிந்த ஒருவர் கதவைத் தட்டினார். அன்று நாங்கள் வேறு எதுவும் சாப்பிடவில்லை. அந்த ட்ரேயில்தான் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் பசி அடங்கியது.

மதுரைக்கு வந்த பிறகு நல்ல காரியங்களுக்குத்தான் செய்கிறேன், போன தை மாதம் தங்கை வளைகாப்புக்கும் செய்தேன். பக்கத்துத் தெருவில் யாருக்காவது உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார்கள் என்றாலும் ஒரு சின்ன ட்ரே கொண்டுபோய்க் கொடுப்பேன். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காத மாதிரியான ட்ரேயில்தான் கொடுப்பேன். துவண்டு கிடக்கிற வீட்டில் பாத்திரம் கழுவித் தருவதும் ஒரு வேலைதான்.

நரிமேட்டிலிருந்து:

கிறிஸ்துமஸ் சமயத்தில் எங்கள் சபைக் குடும்பங்கள் ஒன்றாகச் சாப்பிடும்போது ஆளுக்கொரு பண்டம் கொண்டுவருவது வழக்கம். என் பங்கு இதுதான். வீட்டு ஓவனில் ஒரு ட்ரேதான் நுழையும், நூறு பேருக்கு அது எந்த மூலைக்கு? கேக் மாவைக் கலந்து பேக்கரியில் கொடுத்துச் சுட்டு வாங்குவோமே, அதே மாதிரி இதையும் தெருமுனை பேக்கரியில் கேட்டேன். விறகு அடுப்பு. காலை ரொட்டி எடுத்த பிறகு உள்ளே மிச்சமிருக்கும் சூட்டில் வைத்துத் தருகிறேன் என்றார் மாஸ்டர், கூலியும் அதிகமில்லை.

அதில் கற்றுக்கொண்ட இரண்டு விஷயம். அந்தச் சூடு நேரமாக ஆக இறங்கிக்கொண்டே போகும், அதனால் ட்ரேயில் கலவை இரண்டு அங்குலத்துக்கு மேல் உயரக் கூடாது. ஆழமாக நிரப்பினால் ஓரம் கொதிக்கும், நடு குளிர்ந்தே இருக்கும். பெரிய ட்ரே ஒன்றைவிடச் சின்ன ட்ரே நாலு நல்லது. அப்புறம் முதல் பாதிக்கு ஃபாயில் மூடி வைக்கச் சொல்லுங்கள், கடைசியில் திறந்து கார்ன்ஃபிளேக்ஸ் தூவினால் போதும். மாஸ்டர் எங்கள் ட்ரேயைப் பார்த்து, கார்ன்ஃபிளேக்ஸுக்குப் பதில் அவர் கடை ரஸ்க்கைப் பொடித்து வெண்ணெயில் புரட்டிப் போட்டுத் தந்தார். இனிப்பு இல்லாத ரஸ்க் என்பதால் அது இன்னும் எடுப்பாக இருந்தது. இப்போது எங்கள் வீட்டில் ரஸ்க் மட்டும்தான்.

தல்லாகுளத்திலிருந்து:

சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் வீடு நிரம்பிவிடும். எதிர்சேவை பார்க்க வருகிறவர்கள் மறுநாள் அழகர் ஆற்றில் இறங்கும் வரை தூங்க மாட்டார்கள். நடு ராத்திரியிலும் யாராவது பசியோடு படியேறுவார்கள். அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஓவன் கதை முடிந்தது, 1500 வாட்டுக்கு மேல் இழுக்கும் சாமானை வீட்டு இன்வெர்ட்டர் தாங்காது. மேலூர்ப் பக்கம் பிரியாணி மாஸ்டராக இருக்கும் என் மாமாதான் வழி சொன்னார். அகலமான அலுமினியச் சட்டியில் வெண்ணெய் தடவிக் கலவையை நிரப்பு, அடியில் பழைய இரும்புத் தோசைக்கல்லைப் போட்டு அடுப்பைச் சிம்மில் வை, தட்டையான மூடியின் மேல் கங்கு பரப்பு, தம் போடுகிற மாதிரிதான் என்றார். அரை மணி நேரத்தில் மேலேயும் சிவந்துவிட்டது. கங்கின் புகை வாசனை சீஸில் ஏறியிருந்தது, ஓவனில் அது கிடைக்காது. மொட்டை மாடியில் பழைய சட்டி ஒன்றில் கரி மூட்டிக் கங்கு எடுத்துக்கொண்டோம்.

ஒரு சந்தேகம். சித்திரை வெயிலில் இதை வெளியே எவ்வளவு நேரம் வைக்கலாம்?

எல்லீஸ் நகரிலிருந்து:

தல்லாகுளத்துத் தம்பிக்கு: பாலும் தயிரும் கிழங்கும் சேர்ந்தது, சீக்கிரம் கெட்டுவிடும். சாதாரண நாளில் இரண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம், அதற்கு மேல் வெளியே வைக்காதீர்கள். சித்திரையில் மதுரையில் ராத்திரியும் புழுக்கம்தானே, அதனால் ஒரு மணி நேரக் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டு மாதிரி ராத்திரி முழுக்க ஆள் வரும் இடத்தில் மொத்தமாகச் சுடவே வேண்டாம். சின்னச் சட்டிகளாக ஃபிரிட்ஜில் வைத்திருந்து ஒவ்வொன்றாகத் தம் போடுங்கள். சுட்டு எடுத்ததும் பத்து, பதினைந்து நிமிஷம் ஆறவிட்டுப் பரிமாறினால் இலையில் ஓடாமல் துண்டாக நிற்கும். ரஸ்க்கோ கார்ன்ஃபிளேக்ஸோ எதுவானாலும் சுடப்போகும்போது மட்டும் தூவுங்கள், ராத்திரியே தூவி வைத்தால் நமுத்துவிடும்.

மிஞ்சினால் உடனே ஃபிரிட்ஜ். மறுநாள் காலையில் அதை உருட்டித் தட்டி, ரவையில் புரட்டித் தோசைக்கல்லில் சுட்டால் கட்லெட். திருநகர்த் தங்கச்சி சொன்ன அலுமினிய ட்ரேயை இனி நானும் வாங்கி வைக்கப் போகிறேன். எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இடுப்பு ஆபரேஷன் முடிந்து இந்த வாரம்தான் வீட்டுக்கு வந்திருக்கிறார்.